புக்கர்: கரும்புத் தோட்டத்திலிருந்து இலக்கியக் கிரீடம் வரை

ஆண்டுதோறும் புக்கர் விருது அறிவிக்கப்பட்டதும் எமது பத்திரிகைகளும் சஞ்சிகைகளும் விழித்துக்கொள்கின்றன. யார் வென்றார், நாவல் எதைப் பற்றியது, பரிசுத்தொகை எவ்வளவு, நடுவர்கள் என்ன சொன்னார்கள் என்றெல்லாம் பக்கம் பக்கமாக எழுதப்படுகிறது. வென்றவர் தெற்காசியராக இருந்துவிட்டால் அது ஒரு வாரக் கொண்டாட்டம். ஆனால் புக்கர் என்பவர் யார் என்ற மிகச் சாதாரணமான கேள்வியை எம்மவர்களில் ஒருவராவது எழுப்பியதாக எனக்கு நினைவில்லை. நோபல் என்றால் வெடிமருந்து என்பது பாடசாலைப் பிள்ளைக்கும் தெரியும். புக்கர் என்றால் கரும்பு என்பது இலக்கியம் எழுதும் எமக்கே தெரியாது.

புக்கர் ஓர் எழுத்தாளரல்லர். விருதின் பெயர் புத்தகம் என்ற ஆங்கிலச் சொல்லை வைத்துச் சூட்டப்பட்டதும் அல்ல. அது தென்னமெரிக்காவின் வட கரையிலுள்ள கயானாவில் அடிமைகளைக் கொண்டும், அவர்களுக்குப் பின் இந்தியாவிலிருந்து கப்பலேற்றிச் செல்லப்பட்ட கூலிகளைக் கொண்டும் கரும்பு விளைவித்து, பின்னர் கப்பல், கடை, றம், மருந்து, அச்சகம் என்று ஒரு நாட்டையே தன் கணக்குப் புத்தகத்துக்குள் அடக்கிக்கொண்ட ஒரு தோட்டக் கம்பனியின் பெயர். அந்தக் கப்பல்களில் தமிழரும் இருந்தனர், முஸ்லிம்களும் இருந்தனர். ஆகவே இக்கேள்வியைக் கேட்கும் கடமை மற்றெவரையும் விட எமக்கு அதிகம்.

*

ஜோசியாஸ் புக்கர் இங்கிலாந்தின் லங்காஷயரைச் சேர்ந்தவர். 1815 இல் டெமராராவுக்குப் போய்ச் சேர்ந்தார். டெமராரா, எஸகிபோ, பேர்பீஸ் என்ற மூன்று ஒல்லாந்தக் குடியேற்றங்கள் அப்போதுதான் பிரித்தானியரின் கைக்கு முறைப்படி மாறியிருந்தன. 1831 இல் அவை மூன்றும் இணைக்கப்பட்டு பிரித்தானிய கயானா ஆயிற்று. ஜோசியாஸ் முதலில் புரூம் ஹோல் என்ற பருத்தித் தோட்டத்தை நிர்வகித்தார். அங்கு வேலை செய்தவர்கள் ஆபிரிக்க அடிமைகள். பின்னர் சகோதரர்கள் ஜோர்ஜும் ரிச்சர்டும் வந்து சேர, 1830களின் நடுப்பகுதியில் புக்கர் சகோதரர்கள் கம்பனி உருவாயிற்று.

அந்த ஆண்டுகளைக் கவனிக்க வேண்டும். பிரித்தானியப் பாராளுமன்றம் அடிமை ஒழிப்புச் சட்டத்தை நிறைவேற்றியது 1833 இல். அது நடைமுறைக்கு வந்தது 1834 ஓகஸ்ட் 1 இல். அரசாங்கம் இதற்காக 20 மில்லியன் பவுண் நட்டஈட்டை ஒதுக்கியது. இந்த நட்டஈடு தலைமுறை தலைமுறையாகச் சாட்டையடி வாங்கியவர்களுக்கு அல்ல, சாட்டையை வைத்திருந்தவர்களுக்கு. அடிமைக்கு ஒரு சதமும் கிடைக்கவில்லை. புக்கர் சகோதரர்களுக்கு 52 மனிதர்களுக்கான விலையாக 2,884 பவுண் கிடைத்தது. ஒரு கம்பனி தன் கணக்கை எழுதத் தொடங்கும்போது அதன் வரவுப் பக்கத்தில் இருந்த தொகைகளில் இதுவும் ஒன்று.

புக்கர்களை விடப் பெரிய அடிமை உடைமையாளர்கள் அங்கே இருந்தார்கள் என்பதும் உண்மை. பின்னாளில் நான்கு தடவை பிரித்தானியப் பிரதமராக இருந்த கிளாட்ஸ்டனின் தந்தை ஜோன் கிளாட்ஸ்டன் 2,508 அடிமைகளுக்காக ஒரு இலட்சம் பவுணுக்கு மேல் பெற்றார். 1823 இல் டெமராரா அடிமைகளின் பேரெழுச்சி தொடங்கியது அவருடைய தோட்டத்தில்தான். ஆனால் கிளாட்ஸ்டனின் பெயரில் இன்று எவரும் இலக்கியப் பரிசு கொடுப்பதில்லை. புக்கரின் பெயரில் கொடுக்கிறார்கள். அதனால்தான் இங்கு புக்கரைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

*

அடிமைகள் விடுதலையானதும் தோட்டத்தை விட்டு விலகத் தொடங்கினார்கள். வெட்டுவதற்கு ஆளின்றிக் கரும்பு நின்றது. தோட்டத்துரைமார் கண்டுபிடித்த மாற்று வழிதான் ஒப்பந்தக் கூலி முறை. 1838 மே 5 இல் விற்பி, ஹெஸ்பரஸ் என்ற இரண்டு கப்பல்கள் கல்கத்தாவிலிருந்து புறப்பட்டுக் கயானாவை அடைந்தன. இறங்கியவர்கள் ஏறத்தாழ நானூறு பேர். அவர்களை வரவழைக்கும் ஏற்பாட்டைத் தொடங்கியவர் அதே ஜோன் கிளாட்ஸ்டன். தொழிலாளர்கள் அடிக்கப்படுகிறார்கள், பூட்டிவைக்கப்படுகிறார்கள் என்ற செய்தி இங்கிலாந்தை எட்டியதும் ஆட்சேர்ப்பு நிறுத்தப்பட்டது. 1845 இல் மீண்டும் தொடங்கியபோது கல்கத்தாவோடு மதராஸும் சேர்ந்துகொண்டது. 1917 இல் ஆட்சேர்ப்பு நிறுத்தப்படும்வரை இந்தியாவிலிருந்து கயானாவுக்குச் சென்றவர்கள் சுமார் 239,000 பேர். இவர்களில் பெரும்பான்மையோர் வட இந்தியர். மதராஸிலிருந்து சென்றவர்கள் சிறுபான்மையினர்.

இலங்கையின் மலைநாட்டுக்குக் கோப்பி வெட்டவும் தேயிலை கிள்ளவும் ஆட்கள் வந்ததும் அதே மதராஸ் மாகாணத்திலிருந்துதான். இங்கே கங்காணி, துண்டு, கடன். அங்கே ஐந்தாண்டு ஒப்பந்தம், அனுமதிச் சீட்டு, சிறை. முறை வேறுபட்டது; ஆனால் வேலைக்கு வராமலிருப்பது ஒரு குற்றம் என்பதில் வேறுபாடில்லை. இங்கே லயன். அங்கே அடிமைகள் இருந்த அதே நீண்ட குடிசை வரிசை. அதற்கு லோஜி என்று பெயர். 1949 இல் வெளியான வென் ஆணைக்குழுவின் அறிக்கை இந்த வரிசை வீடுகளை இடித்தகற்ற வேண்டும் என்று பரிந்துரைத்தது. அதாவது அடிமை முறை ஒழிந்து ஒரு நூற்றாண்டுக்கு மேலாகியும் கயானாவின் சீனித் தோட்டங்களில் மனிதர்கள் அடிமைக் குடிலின் அமைப்பிலேயே குடியிருந்தார்கள்.

அந்த மதராஸிகள் என்ன ஆனார்கள்? மொழியை இழந்தார்கள். பெயரை மட்டும் உருக்குலைந்த வடிவில் காப்பாற்றிக்கொண்டார்கள். 2015 முதல் 2020 வரை கயானாவின் பிரதமராக இருந்தவர் மோசஸ் வீரசாமி நாகமுத்து. இந்தப் பெயரைத் தமிழில் எழுதும்போதுதான் அது எமது பெயர் என்பது தெரிகிறது. அவர் பேர்பீஸில் விம் என்ற கிராமத்தைச் சேர்ந்தவர். அங்குள்ள மதராஸி மீனவர் வாழ்க்கையை வைத்து 2000 ஆம் ஆண்டில் ஒரு நாவலும் எழுதினார். புலம்பெயர் இலக்கியம் பற்றி ஓயாமல் பேசும் தமிழ்ச் சஞ்சிகை எதிலாவது அந்த நாவல் பற்றி ஒரு பத்தி வெளிவந்திருந்தால் யாராவது எனக்குக் காட்டுங்கள்.

முஸ்லிம்களின் கதை இன்னும் ஒரு மடிப்பு ஆழமானது. கயானாவில் இந்திய வம்சாவளி முஸ்லிமை ஃபுல்லாமன் என்று அழைப்பார்கள். அந்தச் சொல் இந்தியாவிலிருந்து வந்ததல்ல. மேற்கு ஆபிரிக்காவின் ஃபுலா இனத்தவரின் பெயர் அது. அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஃபுலா முஸ்லிம்கள் இந்தியக் கப்பல்கள் வருவதற்கு முன்பே அந்த மண்ணில் இருந்தார்கள். அவர்களது மார்க்கமும் மொழியும் தோட்டத்தின் கட்டாயத்துக்குள் கரைந்துபோயின. ஆனால் முஸ்லிம் என்பதைக் குறிக்க அந்த ஊருக்கு ஒரு சொல்லைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். பின்னால் வந்த இந்திய முஸ்லிம் அந்தச் சொல்லை வாரிசாகப் பெற்றுக்கொண்டான். இந்த ஒரு சொல்லை வைத்து ஒரு நாவல் எழுதலாம். அப்படி எழுதப்பட்டால் அதுவும் புக்கர் விருதுக்கு அனுப்பப்படும் என்பதுதான் இதிலுள்ள குரூரமான வேடிக்கை.

*

1900 இல் புக்கர் சகோதரர்கள் கம்பனியும் ஜோன் மக்கொனல் கம்பனியும் ஒன்றாகி புக்கர் சகோதரர் மக்கொனல் கம்பனி ஆயின. நொடித்துப்போகும் தோட்டங்களை வாங்கி வாங்கியே அது பருத்தது. 1939 இல் கம்பெல் குடும்பத்தின் கேர்ட்டிஸ் கம்பெல் கம்பனியும் அதற்குள் வந்தது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நாட்டின் பெரும்பாலான சீனித் தோட்டங்கள் புக்கர் வசம். சீனியை ஏற்றும் கப்பல் புக்கருடையது. இறக்குமதிப் பொருள் விற்கும் பெரிய கடை புக்கருடையது. றம்மும் மருந்தும் அச்சகமும் புக்கருடையவை. தோட்டத்தில் கொடுத்த கூலி கடையில் திரும்பி வந்தது. பிரித்தானிய கயானாவை அங்குள்ள மக்கள் புக்கர்ஸ் கயானா என்று கேலியாக அழைத்தார்கள். அது வெறும் கேலியல்ல. ஒரு பொருளாதார வரைவிலக்கணம்.

தோட்டக் கம்பனி பல்தொழில் நிறுவனமாக மாறுவதைத் திறமையின் கதையாகச் சொல்வது வணிகப் பத்திரிகைகளின் வழக்கம். கரும்பில் கிடைத்த இலாபத்தைக் கப்பலில் போட்டார், கப்பலில் கிடைத்ததைக் கடையில் போட்டார் என்று எழுதுவார்கள். கரும்பில் இலாபம் ஏன் கிடைத்தது என்று எழுதமாட்டார்கள். கூலி அசையாமல் இருந்ததனால்தான் மூலதனம் அசைந்தது. தொழிலாளி ஐந்தாண்டு ஒரு தோட்டத்தில் கட்டுண்டு கிடந்ததனால்தான் கம்பனி ஐந்து தொழில்களுக்குத் தாவ முடிந்தது.

அந்தக் கட்டை அறுக்க முயன்றவர்களுக்கு என்ன நடந்தது? 1948 இல் கரும்பை வெட்டுவதோடு அதனைச் சுமந்து தோணியிலும் ஏற்ற வேண்டும் என்ற முறைக்கு எதிராகவும், தாம் விரும்பிய தொழிற்சங்கத்தை அங்கீகரிக்கக் கோரியும் கிழக்கு டெமராராவில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஜூன் 16 இல் என்மோர் தோட்டத்தில் பொலிஸார் சுட்டதில் ஐந்து தொழிலாளர்கள் இறந்தார்கள். அவர்களது இறுதி ஊர்வலத்தில் நடந்தவர்களில் ஒருவர் செத்தி ஜகன். போர்ட் மோரன்ட் என்ற சீனித் தோட்டத்தில் கரும்புத் தொழிலாளிகளின் மகனாக 1918 இல் பிறந்தவர். அமெரிக்காவில் பல் வைத்தியம் படித்துத் திரும்பியவர்.

1953 ஏப்ரலில் எல்லோருக்கும் வாக்குரிமை தரப்பட்ட முதல் தேர்தலில் ஜகனின் மக்கள் முற்போக்குக் கட்சி 24 ஆசனங்களில் 18 ஐ வென்றது. தொழிலாளர் தாம் விரும்பும் சங்கத்தைத் தெரிவு செய்வதற்கான ஒரு சட்டமூலத்தைக் கொண்டுவந்தது. 133 நாட்கள்தான் அந்த அரசாங்கம் இருந்தது. ஒக்டோபரில் பிரித்தானியத் துருப்புகள் இறங்கின. அரசியலமைப்பு இடைநிறுத்தப்பட்டது. கொமியூனிச அபாயம் என்று காரணம் சொன்னார்கள். சீனித் தோட்டத்தில் சங்கம் யாருடையது என்ற கேள்வி அந்தப் பெரிய சொல்லுக்குப் பின்னால் மறைந்துபோயிற்று.

*

இந்த இடத்தில் இலக்கியவாதிகள் காதைக் கொடுத்துக் கேட்க வேண்டும். 1953 இல் கைதாகித் தடுத்து வைக்கப்பட்டவர்களில் மார்ட்டின் கார்ட்டர் என்ற கவிஞரும் ஒருவர். அவரது எதிர்ப்புக் கவிதைகள் 1954 இல் லண்டனில் நூலாக வெளிவந்தன. கரிபியன் கவிதையின் மிகப் பெரிய குரல்களில் ஒன்று அது. அதே கார்ட்டர் 1959 இல் புக்கர் கம்பனியில் தகவல் அதிகாரியாகச் சேர்ந்து, கம்பனியின் செய்திப் பத்திரிகையை நடத்தினார். பல ஆண்டுகள் அங்கே இருந்தார்.

இதனைச் சொல்வது கார்ட்டரைக் கூண்டில் ஏற்றுவதற்காக அல்ல. குடும்பம் உள்ள ஒரு கவிஞன் வேறெங்கே போவான்? நாட்டில் வேலை கொடுக்கக்கூடிய இடம் ஒன்று அரசாங்கம், மற்றது புக்கர். ஒரு கம்பனி ஒரு நாட்டின் எல்லாமாக இருக்கும்போது அந்நாட்டின் எதிர்ப்புக் கவிஞனுக்கும் அதுவே சம்பளம் கொடுக்கிறது. புக்கர் இலக்கியத்துக்குள் வந்தது 1969 இல் அல்ல. கயானாவின் மிகச் சிறந்த கவிஞனின் மேசைக்கு அது பத்தாண்டுகளுக்கு முன்பே வந்துவிட்டது.

கார்ட்டரை வேலைக்கு எடுத்த காலத்தில் கம்பனியின் தலைவர் ஜொக் கம்பெல். 1952 முதல் 1967 வரை அப்பதவியில் இருந்தவர். புக்கரைப் பற்றிப் பேசும் எவரும் கடைசியில் கம்பெலைக் காட்டித்தான் வாயடைப்பார்கள். கப்பலையும் கடையையும் தோட்டத்தையும் விட மனிதர் முக்கியம் என்று சொன்னவர். தன் குடும்பத்தின் செல்வம் எதிலிருந்து வந்தது என்பதை ஒளிக்காதவர். லோஜிகளுக்குப் பதிலாகத் தனி வீடுகள் வந்தது அவர் காலத்தில். உள்ளூர்க்காரர்கள் பெரிய பதவிகளுக்கு வந்தது அவர் காலத்தில். மேற்கிந்தியத் தீவுகளின் நட்சத்திரத் துடுப்பாட்டக்காரர் கிளைட் வோல்கொட் 1950களில் தோட்டங்களுக்குப் பயிற்சியாளராகக் கொண்டுவரப்பட்டதும் அவர் காலத்தில்தான். ரொஹான் கன்ஹாயும் பஸில் புட்சரும் ஜகன் பிறந்த அதே போர்ட் மோரன்டிலிருந்து உலகக் கிரிக்கட்டுக்கு வந்தவர்கள். கன்ஹாயின் ஆட்டத்தைப் பற்றி எமது மூத்த கிரிக்கட் இரசிகர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

கம்பெல் நல்லவர் என்பதை மறுக்க வேண்டிய அவசியம் எனக்கில்லை. நல்ல துரைமார் எமது மலையகத்திலும் இருந்திருக்கிறார்கள்; அவர்களைப் பற்றி நன்றியோடு பேசும் கிழவர்களும் இருந்தார்கள். ஆனால் ஒரு நல்ல துரை வரும்வரை ஒரு நூற்றாண்டு காத்திருக்க வேண்டியிருந்தது என்பதே அந்த முறைமையின் மீதான குற்றப்பத்திரிகை. மேலும் இன்னொரு கேள்வி. கம்பெல் திருந்தியதனால் தொழிலாளர் எழுந்தார்களா, அல்லது தொழிலாளர் எழுந்ததனால் கம்பெல் திருந்தினாரா? ஐவர் இறந்தது 1948 இல். ஆணைக்குழு அறிக்கை 1949 இல். கம்பெல் தலைவரானது 1952 இல். ஆண்டுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் விடை தானாக வரும். சீர்திருத்தத்தின் புகழ் தலைவருக்குப் போனது. அதன் விலையைக் கொடுத்தவர்கள் என்மோரில் கிடந்தார்கள்.

*

விருது எப்படிப் பிறந்தது? கம்பெலுக்கு ஒரு கோல்ஃப் நண்பர் இருந்தார். பெயர் இயன் ஃப்ளெமிங். ஜேம்ஸ் பொண்ட் கதைகளை எழுதியவர். 1964 இல் ஃப்ளெமிங் கடுமையாக நோயுற்றிருந்தார். எழுத்து வருமானத்தில் பெரும்பகுதியை வரி தின்றுகொண்டிருந்தது. தனது உரிமைகளை வைத்திருந்த கம்பனியின் 51 வீதத்தை ஒரு இலட்சம் பவுணுக்கு அவர் புக்கருக்கு விற்றார். அதே ஆண்டு ஓகஸ்டில் இறந்தும்போனார். திரைப்படங்கள் உலகெங்கும் ஓட, அந்தப் பங்கு பொன் முட்டையிட்டது. ருசி கண்ட கம்பனி எழுத்தாளர்களின் உரிமைகளை வாங்குவதற்கென்றே ஒரு பிரிவை வளர்த்தது. 1968 இல் அகதா கிறிஸ்டியின் உரிமைகளிலும் பெரும்பங்கு அதன் கைக்கு வந்தது.

எழுத்திலிருந்து இவ்வளவு சம்பாதிக்கிறீர்களே, எழுத்துக்கு ஏதாவது கொடுக்கக் கூடாதா என்று பதிப்பாளர்கள், குறிப்பாக ஜொனதன் கேப் பதிப்பகத்தின் ரொம் மஷ்லர், கேட்டார்கள். பிரான்சின் கொன்கூர் பரிசு போல ஒன்றை உருவாக்குவதே அவர்களது எண்ணம். 1969 இல் முதல் பரிசு, 5,000 பவுண், பி. எச். நியூபிக்குக் கிடைத்தது. கரும்பு, அடுத்து கப்பல், அடுத்து கடை, அடுத்து பதிப்புரிமை, அடுத்து இலக்கியப் பரிசு. இதுதான் வரிசை. மனிதனின் உடலை உடைமையாக்கத் தெரிந்த மூலதனம், கடைசியில் மனிதனின் கற்பனையையும் பங்காக வாங்கக் கற்றுக்கொண்டது.

மூன்றாவது பரிசு, 1971 இல், வி. எஸ். நைபோலுக்கு. ட்ரினிடாட் கரும்புத் தோட்டத்துக்கு இந்தியாவிலிருந்து போனவர்களின் பேரன். அவருக்குத் தெரியாதா அந்தப் பணம் எங்கிருந்து வருகிறதென்று? நன்றாகத் தெரியும். வாங்கிக்கொண்டார். அடுத்த ஆண்டு, 1972 நவம்பரில், ஜோன் பேர்ஜர் மேடையேறினார். ஆங்கிலேயர், வெள்ளையர், கரும்புத் தோட்டத்தோடு எந்த இரத்த உறவும் இல்லாதவர். நூற்றுமுப்பது ஆண்டுகளாகக் கரிபியனில் இந்தக் கம்பனி செய்த வணிகத்துக்கும் கரிபியனின் இன்றைய வறுமைக்கும் உள்ள தொடர்பை விருந்தினர் முன்னிலையிலேயே எடுத்துச் சொன்னார். பரிசின் பாதியை பிரித்தானியாவின் கறுஞ்சிறுத்தைகள் இயக்கத்துக்குக் கொடுப்பதாக அறிவித்தார். மறுபாதியை ஐரோப்பாவின் குடிபெயர் தொழிலாளர் பற்றிய நூலுக்குப் பயன்படுத்தினார். அந்த நூல் 1975 இல் வெளிவந்தது. அவர் பரிசை நிராகரிக்கவில்லை. அதனை வந்த திசை நோக்கித் திருப்பினார். எங்கள் சஞ்சிகைகளில் பேர்ஜரின் கலை விமர்சனத்தை மேற்கோள் காட்டாத ஆளில்லை. இந்த உரையை மேற்கோள் காட்டிய ஆளைத் தேட வேண்டியிருக்கிறது.

கயானாவில் பிறந்த எழுத்தாளர் எவரும் இதுவரை புக்கரை வென்றதில்லை. 1991 இல் ரோய் ஹீத் இறுதிப் பட்டியல்வரை வந்தார். அவ்வளவுதான். எந்த மண்ணின் சாறு இந்தப் பரிசாக வடிந்ததோ அந்த மண்ணுக்கு அது ஒருமுறையும் திரும்பவில்லை.

*

1976 மே 26 இல், சுதந்திரத்தின் பத்தாவது ஆண்டு நிறைவில், கயானா அரசாங்கம் புக்கரின் உடைமைகளைத் தேசியமயமாக்கியது. தோட்டங்கள் அரச சீனிக் கூட்டுத்தாபனத்துக்குப் போயின. அதன் பின்னர் அந்தத் தொழில் செழித்தது என்று சொல்ல முடியாது. 2016, 2017 ஆம் ஆண்டுகளில் வேல்ஸ், ஸ்கெல்டன், ரோஸ் ஹோல், என்மோர் ஆகியவை மூடப்பட்டு ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்தனர். அப்போது பிரதமராக இருந்தவர் நாம் மேலே கண்ட நாகமுத்துதான். பார்த்தீர்களா, அரசு எடுத்ததும் அழித்துவிட்டது என்று சொல்பவர்களும் உண்டு. ஒற்றைப் பயிரில் ஒரு நாட்டைக் கட்டிவைத்துவிட்டு, விலை வீழும் நாளில் கதவைத் திறந்துவிட்டு வெளியேறியவனுக்குக் கொடுக்கும் நற்சான்றிதழ் அது. அரசாங்கங்களின் தவறு அரசாங்கங்களின் கணக்கில் இருக்கட்டும். அத்திவாரத்தின் கணக்கு வேறு.

கம்பனிக்கு எந்தச் சேதமும் இல்லை. அது 1950களிலேயே இங்கிலாந்தில் மொத்த வியாபாரத்துக்குள் கால் வைத்துவிட்டது. சில்லறைக் கடைக்காரர்களுக்குப் பொருள் வழங்கும் மிகப் பெரிய நிறுவனமாக வளர்ந்தது. 2000 இல் ஐஸ்லண்ட் நிறுவனத்தோடு இணைந்தது, பின்னர் பிரிந்தது, 2018 மார்ச்சில் சுமார் 3.7 பில்லியன் பவுண் பெறுமதியில் டெஸ்கோவுக்குள் போயிற்று. லண்டனில் மூலைக்கடை நடத்தும் எமது உறவினர்கள் அதிகாலையில் வான் எடுத்துக்கொண்டு சரக்கு ஏற்றப் போகும் புக்கர், இந்தப் புக்கர்தான். அவர்களுக்கும் இது தெரியாது. தெரிந்திருக்க வேண்டிய அவசரமும் அவர்களுக்கு இல்லை. எழுதுகிறவர்களுக்கு உண்டு.

2023 ஓகஸ்டில் கிளாட்ஸ்டன் குடும்பத்தின் வாரிசுகள் சிலர் ஜோர்ஜ்டவுனுக்குப் போய்த் தம் முன்னோர் செய்ததற்காக மன்னிப்புக் கேட்டார்கள். மன்னிப்பு போதுமா என்பது வேறு விவாதம். ஆனால் கேட்பதற்கு அங்கே ஆள் இருந்தது. குடும்பத்துக்கு வாரிசு உண்டு, கல்லறை உண்டு, வெட்கமும் உண்டு. கம்பனிக்கு? இணைந்து, பிரிந்து, பெயர் சுருங்கி, பங்குகளாகச் சிதறி, இன்னொன்றின் வயிற்றுக்குள் போன பின் மன்னிப்புக் கேட்க அங்கே யார் இருக்கிறார்கள்? தோட்டக் கம்பனி பல்தொழில் நிறுவனமாக மாறுவதன் மிகப் பெரிய இலாபம் இதுதான். அது பணத்தைப் பெருக்குவது மட்டுமல்ல, பொறுப்பைக் கரைத்தும்விடுகிறது. சொத்து ஒவ்வொரு கைமாற்றத்திலும் முழுதாகப் போய்ச் சேர்கிறது. பாவம் ஒவ்வொரு கைமாற்றத்திலும் குறைந்துகொண்டே போய்க் காணாமற் போகிறது.

*

சரி, புக்கர் கம்பனி இப்போது பணம் கொடுப்பதில்லையே என்று கேட்கலாம். உண்மைதான். 2002 முதல் 2019 வரை மேன் குழுமம் கொடுத்தது. அது நிதி நிறுவனம். அதன் பூர்வீகத்தைத் தேடினால் 1783 இல் லண்டனில் தொடங்கிய ஒரு சீனித் தரகுக் கடையில் போய் முட்டுவோம். பிரித்தானியக் கடற்படைக்கு றம் வழங்கும் ஒப்பந்தத்தை 1970 வரை வைத்திருந்த கடை அது. கரும்பை விட்டு ஓடினாலும் கரும்பிலேயே விழ வேண்டியிருந்தது. 2019 இலிருந்து கிராங்ஸ்டார்ட் என்ற அறக்கட்டளை கொடுக்கிறது. அது தன் பெயரைச் சூட்டவில்லை. ஆகவே இன்று புக்கர் ஒரு பவுணும் கொடுக்காமலேயே உலகின் மிகப் பிரசித்தமான இலக்கியப் பெயராக நிற்கிறது.

அப்படியானால் எவரும் இதனை வாங்கக் கூடாதா? நான் அப்படிச் சொல்லவில்லை. 2022 இல் செஹான் கருணாதிலக்க வென்றபோது மேடையில் சிங்களத்திலும் தமிழிலும் பேசினார். அந்தத் தமிழைக் கேட்டு மகிழ்ந்தவர்களில் நானும் ஒருவன். 2023 இல் பெருமாள்முருகனின் பூக்குழி சர்வதேசப் புக்கரின் நெடும்பட்டியலில் இடம்பெற்றது. 2025 இல் கன்னடத்தில் முஸ்லிம் பெண்களின் வாழ்வை எழுதும் பானு முஷ்தாக் அதே சர்வதேசப் புக்கரை மொழிபெயர்ப்பாளர் தீபா பஸ்தியோடு பகிர்ந்துகொண்டார். எமது சமூகத்துச் சமையலறையும் பள்ளிவாசல் முற்றமும் அங்கே போய்ச் சேர்ந்தது பெரிய விடயம். இவர்களிடம் பரிசைத் திருப்பிக் கொடு என்று சொல்ல எமக்கு எந்த அருகதையும் இல்லை. நாம் அவர்களுக்கு என்ன கொடுத்தோம்?

இலங்கைக்கே இதில் ஒரு கணக்கு உண்டு. 1992 இல் மைக்கல் ஒண்டாச்சி புக்கரை வென்றார். அந்தப் பணத்தைக் கொண்டு தன் தாயாரின் பெயரில் கிரேஷியன் விருதை இங்கே நிறுவினார். இலங்கையில் வாழ்ந்து ஆங்கிலத்தில் எழுதுபவர்களுக்கான விருது அது. அதனைத் தன் முதல் நாவலுக்காக வென்ற கருணாதிலக்க பின்னர் புக்கரையே வென்றார். நல்ல காரியம்தான், ஒண்டாச்சியின் தாராள மனதைக் குறை சொல்ல முடியாது. ஆயினும் பேர்பீஸின் கரும்பு வயலில் தொடங்கிய ஒரு நாணயம் லண்டன் வழியாகக் கொழும்பு வந்து ஆங்கிலத்தில் எழுதுபவரின் கையில் இறங்குகிறது என்பதையும், வழியில் எந்த ஊரிலும் அதனைச் சம்பாதித்தவனின் மொழி கேட்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

நாம் கோருவது இரண்டு காரியங்கள். புக்கர் பற்றி எழுதும் எவரும் ஒரு வாக்கியமாவது அதன் கரும்பைப் பற்றி எழுதட்டும். விருது அமைப்பே இன்று அடிமை முறையுடனான அந்தத் தொடர்பை மறைப்பதில்லை. அவர்கள் ஒளிக்காததை நாம் ஏன் ஒளிக்க வேண்டும்? இரண்டாவது, பரிசுப் பட்டியலுக்கு வெளியேயும் வாசிக்கக் கற்றுக்கொள்வோம். மார்ட்டின் கார்ட்டரின் கவிதைகளும், ரோய் ஹீத்தின் நாவல்களும், நாகமுத்து எழுதிய மதராஸி மீனவர் கதையும் தமிழுக்கு வரட்டும். எமது மொழிபெயர்ப்பாளர்கள் பரிசு பெற்ற நூலுக்காக வரிசையில் நிற்கிறார்கள். பரிசுக்கு விலை கொடுத்தவர்களின் நூல்கள் கேட்பாரற்றுக் கிடக்கின்றன.

இலக்கியத்துக்குப் பணம் வேண்டும். பணத்துக்கு எப்போதும் ஒரு ஊர் உண்டு. அந்த ஊரின் பெயரைக் கேட்காமல் வாங்குபவனை ஏழை என்று மன்னிக்கலாம். கேட்காமல் கொண்டாடுபவனை, அதுவும் அந்த ஊருக்குத் தன் இனத்தவனே கப்பலேறிப் போயிருக்கும்போது, என்ன சொல்லி மன்னிப்பது?